சிவப்புப் பென்சிலில் எழுதிய பதில்

1

செங்கமலம் அந்தக் கேள்வியை எழுதியபோது, அவள் கதையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நான் உண்மையாகவே நினைத்தேனா?

மூன்று மாதமாக இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. காலையில் பாலை அடுப்பில் வைக்கும்போது ‘ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்’ என்று தோன்றுகிறது. பால் பொங்கி இறக்குவதற்குள் ‘இல்லை, உனக்குத் தெரியும்’ என்று தோன்றிவிடுகிறது.

மலாக்கா டவுனில் காஜா பேராங் என்ற பகுதியில் இருக்கிறேன். கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து கப்பலேறி ஏழு வருடம் ஆகிறது. என் கணவர் அரசாங்க ஆபீஸில் கிராணி. நம் ஊரில் குமாஸ்தா என்போமே, அதுதான். ஆறு வயதில் ஒரு பெண், கலா. எங்கள் வாடகை வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை ஒன்று உண்டு. அதில் லோரி ஓட்டும் தங்கராசுவும் அவன் மனைவி செங்கமலமும் குடியிருந்தார்கள். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

சென்ற வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செங்கமலம் அவனைப் பாராங்கால் வெட்டினாள். பாராங் என்பது தேங்காய் உடைக்கவும் புதர் கழிக்கவும் இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் நீளக் கத்தி. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் இறந்தான். அவள் சிறையில் இருக்கிறாள். வழக்குப் பெரிய கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. கொலை என்று தீர்ப்பானால் தூக்கு.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருடம் நிறையப் போகிறது. பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடி பிடித்து நடக்கப் பழக்குகிறார்கள். நேற்று கலா ஒரு விளக்குமாற்றுக் குச்சியைத் தூக்கிக்கொண்டு “மெர்டேகா! மெர்டேகா!” என்று விடுதலைக் கோஷம் போட்டபடி கொல்லைப்பக்கம் நடந்தாள். பூட்டிக் கிடக்கும் அந்த அறையைத் தாண்டும்போது நின்று, குச்சியை இரண்டு கையாலும் ஓங்கிக் கதவில் ஒரு வெட்டு வெட்டினாள். பிறகு மறுபடி “மெர்டேகா!”

“என்னடி செய்யற?” என்றேன்.

“மாயின்-மாயின் லா, அம்மா.” விளையாட்டாம். இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்டால் அவள் மலாயில்தான் பதில் சொல்கிறாள்.

அதைப் பார்த்த பிறகுதான், இந்தப் பத்திரிகையைப் படிக்கும் உங்களுக்கு எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

2

இங்கே தமிழ்ப் புத்தகம் சுலபமாகக் கிடைக்காது. நம் ஊர் வாரப் பத்திரிகைகள் கப்பலில் வந்து சேர்வதற்குள் அங்கே நீங்கள் அதில் பக்கோடா மடித்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு பத்திரிகை வருகிறது. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வைத்து, பதினைந்து வாரம் சேர்ந்ததும் கோணி ஊசியால் தைத்து, பழுப்புக் காகித அட்டை போட்டுவிடுவேன். அந்தப் புத்தகம் எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்குப் போகும்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். படித்தவர்கள் ஓரத்தில் ஒரு வரியாவது எழுதித்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். ஐந்து வீடும் சுற்றி என்னிடம் வந்ததும், ஒவ்வொருவர் எழுதியதற்கும் கீழே சிவப்புப் பென்சிலில் நான் பதில் எழுதுவேன். பிறகு பதில்களைப் பார்ப்பதற்காக இன்னொரு சுற்று போய்வரும். பெண்கள் வீட்டைவிட்டு வந்து உட்கார்ந்து பேச முடியாது. புத்தகம் போய்வரலாமே என்று நான் கண்டுபிடித்த வழி அது. என் மூளையை நானே மெச்சிக்கொண்ட காலம்.

ஐவரில் ஒருத்தி எதிர் வீட்டு வள்ளி. பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து இங்கேயே பெண்ணெடுத்துக் குடியேறிய செட்டிகள் குடும்பம். நெற்றியில் திருநீறு, உடம்பில் சாரோங் கெபாயா, வாயில் மலாய். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நான் என் உடைந்த மலாயில் கதை சொல்வேன். “லாகி! லாகி!” என்று, இன்னும் சொல் இன்னும் சொல் என்று, வெற்றிலைப் பெட்டியைத் தள்ளிவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்பாள். கெட்ட ராஜா செத்தால் “மாத்தி? பாகுஸ்!” என்று, செத்தானா நல்லது என்று, தொடையில் தட்டுவாள். சட்டத்தை அவளும் மீறுவதில்லை. பிடித்தால் ஓரத்தில் ஒரு பூ வரைவாள். பிடிக்காவிட்டால் ஒரு பெருக்கல் குறி.

செங்கமலம் எஸ்டேட் பள்ளியில் மூன்றாவது வரை போனவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மற்றவர்கள் அரைப்பக்கம் எழுதும் இடத்தில் அவள் ‘படிச்சேன்’ என்று மட்டும் எழுதுவாள். வேறு எதுவும் எழுதியதில்லை, அந்த ஒரு தடவை தவிர.

3

எனக்குச் சரித்திர நாவல் என்றால் உயிர். அதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. குதிரைக் குளம்படியும் சுரங்கப் பாதையும் வந்துவிட்டால் அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். ஆனால் படித்துப் படித்து ஒன்று கவனித்தேன். சரித்திர நாவலில் வெட்டுப்படுகிறவன் சுத்தமாகச் சாகிறான். ஒரே வீச்சு, தலை உருள்கிறது, அத்தியாயம் முடிகிறது. மறுவாரம் வேறு நகரம், வேறு நந்தவனம். இரத்தத்துக்கு எப்போதும் ஒரு உவமை கிடைத்துவிடுகிறது: குங்குமம், செவ்வந்தி, மாலைச் சூரியன். தரையைக் கழுவ ஒருத்தர் வருவதாக எந்த ஆசிரியரும் எழுதி நான் படித்ததில்லை.

அப்போது நான் தைத்துச் சுற்றுக்கு விட்ட தொடரில் ஒரு படைத்தலைவன். மகா வீரன். மனைவிமேல் வீண் சந்தேகப்பட்டுக் குதிரைச் சாட்டையால் அவளை அடிக்கிறான். அடி விழுந்த இடங்கள் வெள்ளைச் சுவரில் செங்கொடி படர்ந்ததுபோல் இருந்தனவாம். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு, தங்கள் கை வலிக்குமே என்கிறாள். படம் போட்டவர் அறைச் சுவரில் ஒரு வாளையும் மாட்டி வைத்திருந்தார். அவள் கைக்கு எட்டும் தூரத்தில்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓரத்தில் முதல் ஆளாக எழுதினேன்: ‘இது கொடியல்ல, தழும்பு. வாள் பக்கத்தில் இருக்கிறது. இவள் ஏன் எடுக்கவில்லை? நானாக இருந்தால் எடுத்திருப்பேன்.’

வள்ளிக்கு இந்த இடத்தை மலாயில் சொன்னேன். பென்சில் முனை ஒடியும்படி ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

புத்தகம் சுற்றி வந்தது. என் குறிப்புக்குக் கீழே, எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில், செங்கமலம் எழுதியிருந்தாள்: ‘எடுத்தா அடி நிக்குமா அக்கா?’

மற்றவர்கள் எழுத்தைத் திருத்தும் பழக்கம் எனக்கு உண்டு. ‘நிக்குமா’வை அடித்து ‘நிற்குமா’ என்று ஆக்கினேன். பிறகு கீழே எழுதினேன்: ‘நிற்கும்.’

ஒரே சொல். முற்றுப்புள்ளியும் வைத்தேன். புத்தகம் இரண்டாம் சுற்றுப் போனது. மற்றவர்கள் ஒரு நாளில் திருப்பும் புத்தகத்தைச் செங்கமலம் ஒரு வாரத்துக்குமேல் வைத்திருந்தாள். “என்ன, மனப்பாடம் பண்றியா?” என்று கிணற்றடியில் கேலி செய்தேன். “ஆமாக்கா, பரீட்சை வருது” என்று சிரித்தாள். சிரித்தபோது உதட்டில் பழைய புண் பிளந்து இரத்தம் கசிந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

4

அடி சத்தம் எங்களுக்குக் கேட்கும். அதை மறைத்து எழுதிப் பயனில்லை.

தங்கராசு லோரி இஞ்சினில் மாட்டும் ரப்பர் பெல்ட்டை ஆணியில் தொங்கவிட்டிருந்தான். பிரம்பு என்றால் ‘விஷ்’ என்று கேட்கும். பெல்ட் அப்படியில்லை. ஈரத் துணியைக் கல்லில் அறைவதுபோல் இருக்கும். சம்பள நாளில் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துவிட்டு வருவான். குடிக்காத நாளிலும் அடிப்பான். அவள் கத்தமாட்டாள். ஐந்தாம் மாதத்தில் வயிற்றில் இருந்தது போனபோதுகூட, கிணற்றடியில் வழுக்கிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். இடுப்பில் பூட்ஸின் குதிகால் அளவுக்கு ஒரு கறுப்பு இருந்தது. கிணற்றுக்கல்லுக்குக் குதிகால் கிடையாது என்று எனக்குத் தெரியாதா?

கும்பகோணத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒரு வழக்கம். பக்கத்து வீட்டுப் பெண்ணை அவள் புருஷன் அடிக்கும் சத்தம் கேட்டால் அப்பா பேப்பரைக் கொஞ்சம் உரக்கப் படிப்பார். நாடாளுமன்றச் செய்தி, மழை நிலவரம், எதுவானாலும். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம். அடி நின்றதும் குரல் தானாக இறங்கிவிடும். அவர் கெட்ட மனிதர் அல்ல. புத்தகம் மனிதனைப் பண்படுத்தும் என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்.

நானும் அதையே செய்தேன். பின் அறையில் பெல்ட் ஆரம்பித்தால் கலாவை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு தொடர்கதையை உரக்கப் படிப்பேன். யுத்தக் காட்சியாக இருந்தால் நல்லது, சத்தம் அதிகம். கலா ஒருநாள் கேட்டாள்: “அம்மா, ராஜா அடிக்கிறதா, தங்கராசு மாமா அடிக்கிறதா?” “ராஜாடி” என்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் இந்த ஊருக்கு வந்த முதல் வருடம், ஒருநாள் சோறு குழைந்துவிட்டது. என் கணவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கன்னத்தில் ஒரு அறை அறைந்தார். ஒரே ஒரு தடவைதான். அன்று மாலையே வருத்தப்பட்டார். அதற்குப் பிறகு கை நீட்டியதில்லை. அன்று அரிவாள்மணை என் காலடியிலேயே இருந்தது. நான் குனிந்து சிந்திய சோற்றைப் பொறுக்கினேன்.

அப்படிப்பட்டவள்தான் ‘நானாக இருந்தால் எடுத்திருப்பேன்’ என்று எழுதினேன்.

5

அந்த ஞாயிறு மழை பெய்தது. தகரக் கூரைமேல் விழும் மழையில் பெல்ட் சத்தம் பாதிதான் கேட்டது. என் கணவர் முன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை எடுத்தேன். ஒரு பக்கம் படிப்பதற்குள் பின்னால் சத்தம் நின்றுவிட்டது. வழக்கமாக அவ்வளவு சீக்கிரம் நிற்காது. அப்பாவைப்போல என் குரலும் தானாக இறங்கியது. மழை மட்டும் கேட்டது. பிறகு ஒரு ஆணின் குரல். கத்தல் இல்லை, தண்ணீரில் மூழ்குகிறவன் பேச முயல்வதுபோல் ஒரு சத்தம்.

கொல்லைக் கதவைத் திறந்தேன். தங்கராசு படியில் உட்கார்ந்திருந்தான். இடது கையால் கழுத்தைப் பிடித்திருந்தான். விரல் இடுக்கெல்லாம் வழிந்து சட்டை மடியில் தேங்கி, மழை அதைக் கரைத்து முற்றம் முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தது. வலது முன்கை மணிக்கட்டுக்கு மேலே திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு என்று எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. அவன் என்னைப் பார்த்து, “அக்கா, சட்டை… புதுச் சட்டை” என்றான்.

செங்கமலம் அவனுக்குப் பின்னால் அறைக்குள் நின்றாள். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. காதிலிருந்து கழுத்துவரை பெல்ட்டின் தடம். பாராங் அவள் கையில் முனை கீழே பார்க்கத் தொங்கியது. என்னைப் பார்த்தாள். கலா என் புடவைக்குப் பின்னால் வந்து நின்றதை அப்புறம்தான் கவனித்தேன்.

ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ் வந்தது. படம் எடுத்தார்கள், பாராங்கைத் துணியில் சுற்றினார்கள், அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். சாயங்காலம் ஒரு போலீஸ்காரர், இனிக் கழுவிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். யார் கழுவுவது என்று அவர் சொல்லவில்லை.

நானும் வள்ளியும் கழுவினோம். வள்ளி சாரோங்கை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு தென்னந்துடைப்பத்தால் தேய்த்தாள். சிமெண்டுத் தரையில் காய்ந்த இரத்தம் குங்குமமும் இல்லை, செவ்வந்தியும் இல்லை. பழைய பசைபோல் பழுப்பாக ஒட்டிக்கொள்கிறது. வெந்நீர் ஊற்றினால் இன்னும் இறுகும், பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று வள்ளி சைகையில் காட்டினாள். சுவர் மூலையில் தேய்க்கும்போது எனக்கு வாந்தி வந்தது. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே, அந்தக் கதையில் வருகிற ராஜா வீட்டில் யார் கழுவினார்கள் என்று கேட்டாள். கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“தெரியல. புத்தகத்தில் இல்லை” என்றேன்.

“பூக்கு போடோ” என்றாள். முட்டாள் புத்தகம்.

6

போலீஸ் நிலையத்தில் என்னிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். நடுவில் மொழிபெயர்க்க ஒரு தமிழர் இருந்தார். என் கணவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“சண்டை சத்தம் கேக்குமாம்மா?”

“எப்பவாவது.”

“அடிக்கிறான்னு அந்தப் பொண்ணு உங்ககிட்டச் சொல்லியிருக்கா?”

“சொன்னதில்ல.”

அதுவும் உண்மைதான். வாயால் சொன்னதில்லை. என் கணவர் என் தோளில் ஒருமுறை கைவைத்து எடுத்தார். நான்கு வரி தட்டச்சு செய்து நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். படித்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் புத்தகத்தைக் காட்டினேன். மறைக்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

“சாரு, இது உன் கையெழுத்துன்னு தெருவுக்கே தெரியுமே.”

“தெரியும்.”

“எரிச்சிடு.”

“அவ எழுதினதும் இதுல இருக்குங்க.”

“அதுக்காகத்தான் சொல்றேன். குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கோம். நன்னடத்தைன்னு ஒரு கட்டம் இருக்கு அந்தப் பாரத்துல. கொலைக் கேஸ்ல பொண்டாட்டி பேரு வந்தா என் வேலை என்ன ஆகும்? கலாவோட படிப்பு என்ன ஆகும்? திரும்பிப் போன்னு சொன்னா எங்க போறது?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டம்.

கொல்லையில் குப்பை எரிக்கும் தகர டின்னில் ஒரு புத்தகத்தை எரித்தேன். அவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதே பழுப்புக் காகித அட்டை. ஆனால் உள்ளே வேறு புத்தகம். ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு. அப்பா தன் அலமாரியிலிருந்து எடுத்து என் கல்யாணத்துக்குக் கொடுத்தது. வாழ்க்கை வரலாறுதான் உண்மை, நாவல் பொழுதுபோக்கு என்பார் அப்பா. அந்த உண்மைப் புத்தகத்தில் அந்த மனிதரின் மனைவி நான்கே இடத்தில் வருகிறாள். ஓரிடத்தில், ரசம் ஆறியிருந்ததற்காக அவர் கிண்ணத்தை அவள்மீது வீசியதாகவும், நேரம் தவறாமை அவருக்கு அவ்வளவு முக்கியம் என்றும் எழுதியிருந்தது. கிண்ணம் எங்கே பட்டது என்று எழுதவில்லை. அந்த இடத்தில் பள்ளிப் பெண்ணாக இருந்தபோது நான் ‘எவ்வளவு ஒழுங்கு!’ என்று ஓரத்தில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கம் நன்றாக எரிந்தது.

தொடர்கதைப் புத்தகம் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வரும். என் கணவர் இதைப் படிப்பார். நேரில் சொல்ல வாய் வராததால் இப்படிச் சொல்கிறேன். மன்னிக்க வேண்டும்.

7

சென்ற வாரம் சிறைக்குப் போய்ப் பார்த்தேன். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி வள்ளியைத் துணைக்கு அழைத்துப் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் செங்கமலம். கண் திறந்திருந்தது. முன்பைவிடச் சதை பிடித்திருந்தாள். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “நல்லா இருக்கியா?” என்றேன்.

“இங்க யாரும் அடிக்கிறதில்லக்கா” என்றாள். “சோறு மட்டும் சப்புன்னு இருக்கு. உங்க ஊறுகா இருந்தா பாகுஸ் லா.”

வள்ளி அழ ஆரம்பித்தாள். செங்கமலம் அவளைப் பார்த்து மலாயில் ஏதோ கேலி சொன்னாள். வள்ளி அழுதுகொண்டே சிரித்து, வலையில் கையால் அடித்தாள். காவல்காரி அதட்டினாள்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். “செங்கமலம், நான் அந்தப் புத்தகத்துல எழுதினேனே, ‘நிற்கும்’னு…”

“ஆமா.”

“அதனாலதானா?”

“அக்கா, கதையில அவ அழுவுறப்போ தோட்டத்துல பூ விழுது. எங்க வூட்டுல தேங்கா உடைச்சிக்கிட்டு இருந்தேன். அவரு வந்தாரு. பெல்ட்ட எடுத்தாரு. பாராங் கையிலதான் இருந்திச்சு. அப்ப எனக்குப் புத்தகமும் ஞாபகம் இல்ல, ஒண்ணும் ஞாபகம் இல்ல.” பிறகு, நான் மூச்சு விடுவதற்குள், “ஆனா அதுக்கு முன்னாடி ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருந்திச்சு” என்றாள்.

வெளியே அவளுக்காகக் கோர்ட்டு நியமித்த வக்கீலைப் பார்த்தேன். அவருக்குப் புத்தகத்தைப் பற்றி எதுவும் தெரியாது. பொதுவாகத்தான் கேட்டேன். அவர் சொன்னது இது: அவள் அந்த நிமிடத்து வலியில், ஆத்திரத்தில் வெட்டினாள் என்று நிரூபித்தால் சில வருடம் சிறை, உயிர் தப்பும். முன்பே நினைத்து வைத்திருந்தாள் என்று அரசாங்கத் தரப்பு காட்டிவிட்டால் தூக்கு. நாள்தோறும் அடிபட்டாள் என்பதற்குச் சாட்சி வேண்டும். ஆனால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் அவன் அடிப்பது தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

“நீங்களும்தாம்மா” என்றார்.

நான் கோர்ட்டில் ஏறி, அடி சத்தம் கேட்டது, தடத்தைப் பார்த்தேன், குழந்தை போனபோது கூடப் போனேன் என்று சொல்லலாம். சொன்னால், முன்பு ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். திருப்பி அடிப்பதைப் பற்றி அவள் உன்னிடம் எப்போதாவது கேட்டாளா என்றும் கேட்பார்கள். சத்தியம் செய்துவிட்டு இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. அப்போது புத்தகம் வெளியே வரும். அவளுடைய அந்த ஒரு வரி, அவள் அடிபட்டாள் என்பதற்குத் தெருவிலேயே இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி. முன்பே நினைத்தாள் என்பதற்கும் அதே வரிதான் சாட்சி. அவளைக் காப்பாற்றப் போய் நானே கயிற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் ஆகலாம். பேசாமல் இருந்தால், அடிபட்டதைச் சொல்ல ஒருவர்கூட இல்லாமல் அவள் தூக்குக்குப் போகலாம்.

இதையெல்லாம் மறுபடி உள்ளே போய் அவளிடமே சொன்னேன். அவளுடைய உயிர், அவள் முடிவு செய்யட்டும் என்று நினைத்தேன். பொறுப்பை இறக்கி வைக்கத்தான் போனேனோ என்னவோ.

பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: “எனக்கு என்னக்கா தெரியும்? நீங்க படிச்சவங்க. எது செஞ்சா நான் பொழைப்பேன்? நீங்களே சொல்லுங்க.”

வள்ளி என்னைப் பார்த்தாள். காவல்காரி நேரம் முடிந்தது என்றாள். இந்தத் தடவை நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

8

அடுத்த மாதம் வழக்கு எடுக்கப்படும் என்கிறார்கள். தேதி இன்னும் சொல்லவில்லை. கப்பல் தபால் வந்து சேராது. விமானத் தபாலில் எழுதினால் சேரும். ஆசிரியரிடம் என் முகவரி இருக்கிறது.

உங்களில் வக்கீல் வீட்டுப் பெண்கள் இருப்பீர்கள். பின் அறையில் இருந்தவர்கள் இருப்பீர்கள். முன் அறையில் உட்கார்ந்து உரக்கப் படித்தவர்களும் இருப்பீர்கள். நான் புத்தகத்தோடு போய்ச் சாட்சி சொல்ல வேண்டுமா, அரிசிப் பானையை மூடியே வைக்க வேண்டுமா? இரண்டில் எது அவள் உயிரைக் காப்பாற்றும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அதைத் தயவுசெய்து எழுதுங்கள். ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் ஒரு சொல்லில் வேண்டாம். என் மேல் குற்றமா இல்லையா என்று யாரும் எழுத வேண்டாம். என் கணவர் வேலை, குழந்தையின் எதிர்காலம் என்று எனக்காகப் பரிந்தும் எழுத வேண்டாம். அதையெல்லாம் எனக்கு நானே போதுமான அளவு சொல்லிக்கொண்டுவிட்டேன். அவளுக்கு எது நல்லது என்று மட்டும் எழுதுங்கள்.